ரிச்சர்ட் மோரின் கல்லறைக் கல்லை எவ்வளவு நம்பலாம்? ஒரு மேஃப்ளவர் குடும்பத்தின் ஆவண ஆய்வு

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகரில் சார்ட்டர் தெருக் கல்லறைத் தோட்டம் 1637 முதல் இருக்கிறது. 1692-ல் சூனியக் குற்றம் சாட்டிப் பலரைத் தூக்குமேடைக்கு அனுப்பிய வழக்குகளில் நீதிபதியாக அமர்ந்த ஜான் ஹாதோர்ன் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அவர் கல்லைத்தான் தேடி வருவார்கள். வம்சாவளி ஆராய்கிறவர்கள் தேடிப் போவது வேறொரு கல்லை. "கேப்டன் ரிச்சர்ட் மோரின் உடல் இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளது, வயது 84, இறந்தது 1692, மேஃப்ளவர் யாத்ரிகர்" என்று அதில் செதுக்கியிருக்கிறது.

1620-ல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் பிளிமத்தில் குடியேற வந்த 102 பயணிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். குறியில்லாத குழிகளில் அவர்களைப் புதைத்தார்கள். பிழைத்தவர்களுக்கும் அவரவர் காலத்தில் நட்ட கல் இன்று கிடையாது. பிளிமத் பகுதியில் காணப்படும் நினைவுக் கற்கள் பின்னாளில் வாரிசுகளும் சங்கங்களும் வைத்தவை. இறந்த காலத்தை ஒட்டி நட்டு, நட்ட இடத்திலேயே இன்றும் நிற்கும் ஒரே மேஃப்ளவர் பயணியின் கல் ரிச்சர்ட் மோருடையதுதான். அதனால் அதன்மேல் எல்லோருக்கும் ஒரு பக்தி உண்டு. ஆனால் அந்தக் கல் சொல்வதில் பாதி தவறு.

கல்லில் நான்கு செய்திகள் இருக்கின்றன: பெயர், வயது, இறந்த ஆண்டு, கப்பல். இந்த நான்கையும் ஒவ்வொன்றாக மற்ற ஆவணங்களோடு வைத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் கதை இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் வரை விரிகிறது. அந்தக் கதையில் வருகிற நான்கு குழந்தைகளுக்கு நேர்ந்ததைப் படிக்கும்போது மனம் பதறாமல் இருக்காது.

இறந்த ஆண்டு

1692 என்ற எண்ணும் "மேஃப்ளவர் யாத்ரிகர்" என்ற வரியும் முதலில் கல்லில் இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் யாரோ ஆர்வத்தில் சேர்த்துச் செதுக்கியவை அவை. எழுத்தின் மேல் கை வைத்துப் பார்ப்பவருக்கு அது தெரியாது. பழைய பிரதிகளோடு ஒப்பிட்டவர்களுக்குத்தான் தெரிந்தது.

ரிச்சர்ட் மோர் 1694 மார்ச் 19 அன்று உயிருடன் இருந்தார் என்பதற்கு ஆவணம் உண்டு. 1696 ஏப்ரல் 20-க்குள் இறந்துவிட்டார் என்பதற்கும் உண்டு. ஆகவே அவர் இறந்தது இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில். நியூ இங்கிலாந்தின் தொடக்ககாலக் குடியேறிகள் அனைவரையும் ஆவணம் ஆவணமாகச் சரிபார்த்துத் தொகுத்த ராபர்ட் சார்ல்ஸ் ஆண்டர்சன் இறந்த தேதி என்று ஒன்றைக் குறிப்பிடாமல், இந்த இடைவெளியைத்தான் தருகிறார். நல்ல வம்சாவளி ஏட்டில் இப்படித்தான் எழுத வேண்டும். ஒரே தேதியாக எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆதாரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

1692 எப்படி வந்திருக்கும் என்று ஊகிப்பதில் பயனில்லை. ஆனால் அது எப்படிப் பரவுகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். மாசசூசெட்ஸ் ஊர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை 1850 வரை தொகுத்து அச்சிட்ட தொகுதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு செய்தி ஊர் எழுத்தரின் ஏட்டிலிருந்து வந்ததா, தேவாலய ஏட்டிலிருந்தா, கல்லறைக் கல்லிலிருந்தா என்பதை 'சி.ஆர்.' (தேவாலய ஏடு), 'ஜி.ஆர்.' (கல்லறைக் கல்) போன்ற சுருக்கக் குறிகளால் காட்டியிருப்பார்கள். இணையத்தில் குடும்ப மரம் வரைகிறவர்கள் தேதியை எடுத்துக்கொண்டு அந்தச் சின்னக் குறியை விட்டுவிடுகிறார்கள். குறி போனதும், கல்லில் எப்போதோ செதுக்கிய எண்ணும் அரசுப் பதிவும் ஒரே மதிப்பு பெற்றுவிடுகின்றன. நூற்றுக்கணக்கானோர் ஒருவர் மரத்தை இன்னொருவர் நகலெடுத்து ஒரே தேதியைப் போட்டிருந்தாலும், அத்தனையும் சேர்ந்து ஒரே ஒரு சாட்சிதான்.

வயது

84 என்ற வயதை எடுத்துக்கொள்வோம். 1692-லிருந்து கழித்தால் பிறந்த ஆண்டு 1608. உண்மையான இறப்புக் காலத்தின் கடைசி எல்லையான 1696-லிருந்து கழித்தாலும் 1612 வருகிறது.

இனி மற்ற ஆவணங்களைப் பார்ப்போம். 1635 ஜூலையில் லண்டனிலிருந்து நியூ இங்கிலாந்துக்குப் புறப்பட்ட 'பிளெஸ்ஸிங்' கப்பலின் பயணிகள் பட்டியலில் ரிச்சர்ட் மோர், வயது 20. 1684 செப்டம்பர் 27 அன்று சத்தியம் செய்து அவர் கொடுத்த வாக்குமூலத்தில் வயது "எழுபது அல்லது அதை ஒட்டி". ஷ்ராப்ஷயரின் ஷிப்டன் கிராமத் தேவாலயப் பதிவேட்டில் ரிச்சர்ட் என்ற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாள் 1614 நவம்பர் 13. அந்தக் குழந்தைக்கு 1635 ஜூலையில் சரியாக 20 வயது. 1684 செப்டம்பரில் எழுபதுக்கு இரண்டு மாதம்தான் குறைவு.

மூன்று ஆவணங்கள், எழுபது ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டவை. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. கல் மட்டும் தனியாக நிற்கிறது. தன் வயதைத் தானே சொன்ன இடங்களில் ரிச்சர்ட் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கல்லில் வயதைச் சொன்னது அவரில்லை. செதுக்குபவருக்கு அதைச் சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் பிறந்த நாளில் உடன் இருந்தவராக இருக்க முடியாது. நம் தாத்தா பாட்டிகளின் பள்ளிச் சான்றிதழில் வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட ஜூன் மாதப் பிறந்த தேதி எவ்வளவு ஆதாரமோ, முதியவர் ஒருவரின் கல்லில் உள்ள வயதும் அவ்வளவே.

ஆனால் எல்லாக் கற்களையும் இப்படித் தள்ளிவிட முடியாது. அதே தோட்டத்தில் ரிச்சர்டின் மகன் கேலப் மோரின் கல்லும் இருக்கிறது: வயது 34, இறந்தது 1678 ஜனவரி 4. கேலப் சேலம் சபையில் ஞானஸ்நானம் பெற்றது 1644 மார்ச் 31. கழித்துப் பார்த்தால் 1678 ஜனவரியில் 33 வயதுதான் வருகிறது, கல்லில் 34. இதையும் தவறு என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஒதுக்கக் கூடாது. அன்று இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-ல். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி எல்லாம் பழைய ஆண்டின் வால். 1752-ல்தான் ஜனவரி 1-க்கு மாறினார்கள். எனவே கேலபின் கல்லில் உள்ள 1678 ஜனவரி நம் கணக்கில் 1679 ஜனவரி. இப்போது வயது 34. கல் சொன்னது சரி. வம்சாவளி ஏடுகளில் 1678/9 என்று இரட்டையாக எழுதும் வழக்கம் இதற்காகத்தான்.

மகன் இறந்தபோது தகப்பன் உயிரோடு இருந்தார். மகனின் வயதைச் சொன்னவருக்கு அது தெரிந்திருந்தது. எவர் வாயிலிருந்து ஒரு செய்தி வந்தது, அது அவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியை ஒவ்வொரு கல்லிடமும் கேட்டால் இரண்டு கற்களுக்கும் உள்ள வேறுபாடு புரிந்துவிடும்.

மனைவியர்

கேப்டன் மோரின் கல்லுக்கு அருகில் இரண்டு பெண்களின் கற்கள். ஒன்று ரிச்சர்ட் மோரின் மனைவி கிறிஸ்டியன். வயது 60, இறந்தது 1676 மார்ச் 18, நம் கணக்கில் 1677. இன்னொன்று ஜேன், "கேப்டன் ரிச்சர்ட் மோரின் இரண்டாம் மனைவி", வயது 55, இறந்தது 1686 அக்டோபர் 8.

கிறிஸ்டியனை ஆவணங்களில் பின்தொடர்வது எளிது. 1635-ன் 'பிளெஸ்ஸிங்' கப்பல் பட்டியலில் ரிச்சர்டோடு கிறிஸ்டியன் ஹன்டர் என்ற பெண்ணும் இருக்கிறாள், அவளுக்கும் வயது 20. கப்பலில் பழகி, அடுத்த ஆண்டு 1636 அக்டோபர் 20-ல் பிளிமத் குடியேற்றத்தில் திருமணம். பிறகு டக்ஸ்பரியில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு இருவரும் சேலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1640-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் சேலம் சபையில் உறுப்பினராகச் சேர்ந்ததை ஒட்டி, சாமுவேல், தாமஸ் என்ற இரு மகன்களுக்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம் நடக்கிறது. இதைப் பார்த்து இரட்டைக் குழந்தைகள் என்று எழுதிவிடக் கூடாது. பெற்றோரில் ஒருவராவது சபை உறுப்பினராக இருந்தால்தான் குழந்தைக்கு ஞானஸ்நானம். அதனால் சபையில் சேரும்வரை காத்திருந்து பிறகு பிள்ளைகளை ஒன்றாகக் கொண்டுபோவது அந்த ஊர் வழக்கம். அதற்குப் பின் கேலப், ஜோஷுவா, ரிச்சர்ட், சுசானா, கிறிஸ்டியன் என்று 1652 வரை மேலும் ஐந்து பிள்ளைகள்.

சேலத்தின் கற்களை மட்டும் படித்தால் கணக்கு முடிந்தது: முதல் மனைவி கிறிஸ்டியன், இரண்டாம் மனைவி ஜேன், ஏழு பிள்ளைகள். ஆனால் ரிச்சர்ட் கடலோடி. வர்ஜீனியா, மேற்கிந்தியத் தீவுகள், லண்டன் என்று கப்பல் ஓட்டியவர். கடலோடியின் குடும்பத்தைத் தேடுகிறவர் அவன் நங்கூரமிட்ட துறைமுகங்களின் பதிவேடுகளையும் புரட்ட வேண்டும். லண்டனின் கிழக்கே ஸ்டெப்னியில் உள்ள செயின்ட் டன்ஸ்டன் தேவாலயம் கடலோடிகளின் தேவாலயம் என்றே பெயர் பெற்றது. அதன் திருமணப் பதிவேட்டில் 1645 அக்டோபர் 23 அன்று, நியூ இங்கிலாந்தின் சேலத்தைச் சேர்ந்த மாலுமி ரிச்சர்ட் மோருக்கும் லைம்ஹவுஸைச் சேர்ந்த எலிசபெத் வுல்னோவுக்கும் திருமணம் என்று எழுதியிருக்கிறது.

ரிச்சர்ட் மோர் என்பது இங்கிலாந்தில் தெருவுக்கு ஒன்று கிடைக்கும் பெயர். பெயர் ஒத்துப்போனதால் மட்டும் ஆளை இணைத்துவிட முடியாது. இங்கே ஊரும் தொழிலும் சேர்த்து எழுதியிருப்பதால்தான் இணைக்க முடிகிறது. அந்த வருடம் சேலத்தில் கிறிஸ்டியன் உயிரோடு இருக்கிறார். அவருடைய மகன் ஜோஷுவாவுக்குச் சேலத்தில் ஞானஸ்நானம் நடந்தது 1646 மே 3-ல், ஸ்டெப்னி திருமணம் முடிந்து ஆறே மாதத்தில். எலிசபெத்துக்கும் ஒரு மகள் பிறந்து ஸ்டெப்னியிலேயே ஞானஸ்நானம் பெற்றாள்.

கடலின் இரு கரையிலும் ஒரே காலத்தில் இரண்டு குடும்பங்கள். அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் இரண்டாவது மணம் மரண தண்டனைக்குரிய குற்றம். ஜேனின் கல்லில் "இரண்டாம் மனைவி" என்று செதுக்கியவர் பொய் சொல்லவில்லை. சேலத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கல் அந்த ஊரின் அறிவைத்தான் பதிவுசெய்யும்; அந்த ஊருக்கு அப்பால் நடந்ததைக் கல்லில் எதிர்பார்க்க முடியாது.

சேலம் சபைக்கும் பின்னாளில் சிலது தெரியவந்தது. 1688-ன் சபை ஏட்டில், "வயதான கேப்டன் மோர்" பல ஆண்டுகளாகச் சந்தேகத்துக்கு உள்ளானவர் என்றும், இன்னொருவர் மனைவியோடு முறைகேடாக நடந்ததை மூன்று சாட்சிகள் நிரூபித்தார்கள் என்றும் எழுதி அவரைச் சபையிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். 1691-ல் அவர் மனம் வருந்தியதாகச் சொல்லி மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். குடும்பப் பெருமைக்காக வம்சாவளி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவது உண்டு. எழுத வேண்டியதுதான் சரி என்பது என் கருத்து. அவர் 1691-ல் உயிரோடு இருந்தார் என்பதற்கே அந்தப் பக்கம் ஒரு சாட்சி.

கப்பல்

இனி கல்லின் நான்காவது செய்தி. பின்னாளில் செதுக்கிய வரி என்பதால் இதையும் சந்தேகிக்க வேண்டும். சேலத்தின் கேப்டன் மோரும் மேஃப்ளவரில் வந்த சிறுவன் ரிச்சர்ட் மோரும் ஒரே ஆள்தானா?

பிளிமத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் 1651 வாக்கில் மேஃப்ளவர் பயணிகளின் பட்டியலை எழுதிவைத்தார். அதில் வில்லியம் ப்ரூஸ்டரின் குடும்பத்தோடு, அவரிடம் ஒப்படைக்கப்பட்ட ரிச்சர்ட் மோர் என்ற சிறுவனும் "அவனுடைய இன்னொரு சகோதரனும்". ஜான் கார்வரின் குடும்பத்தில் ஜாஸ்பர் மோர் என்ற குழந்தை. எட்வர்ட் வின்ஸ்லோவின் குடும்பத்தில் ரிச்சர்ட் மோரின் சகோதரி எலன் என்ற சிறுமி. ரிச்சர்ட் மட்டும் பிழைத்து, மணமாகி நான்கைந்து பிள்ளைகளோடு இருப்பதாகவும் குறித்திருக்கிறார். 1627-ல் குடியேற்றத்தின் மாடுகளை வீட்டு வாரியாகப் பங்கிட்டபோதும் ரிச்சர்ட் மோர் ப்ரூஸ்டர் வீட்டுப் பங்கில் இருக்கிறான். இதுவரை பிளிமத். இங்கிருந்து சேலத்துக்குப் பாலம் எது?

1684-ல் அவர் கொடுத்த வாக்குமூலம்தான் அந்தப் பாலம். சேலத்தில் சத்தியம் செய்து மூத்த ரிச்சர்ட் மோர் சொல்கிறார்: 1620-ல் லண்டனில் இரும்பு வணிகர் தாமஸ் வெஸ்டனின் வீட்டில் இருந்ததாகவும், அங்கிருந்து நியூ பிளிமத்துக்குக் கொண்டுவரப்பட்டதாகவும். மேஃப்ளவர் என்ற சொல் அதில் இல்லை. தேவையும் இல்லை. 1620-ல் பிளிமத்துக்குப் போன கப்பல் ஒன்றுதான். கல்லில் பின்னாளில் சேர்த்த வரி உண்மை என்பது இந்தக் காகிதத்தால் நிற்கிறது. கல் அதற்குச் சாட்சி இல்லை.

இந்த வாக்குமூலத்தில் வரும் வெஸ்டன் வீடு இந்த ஆய்வின் உயிர்நாடி. எழுபது வயது மனிதர் ஒருவர் ஆறு வயதுகூட நிறையாத பருவத்தில் இருந்த ஒரு வீட்டை, அதன் சொந்தக்காரர் பெயரோடும் தொழிலோடும் நினைவில் வைத்திருக்கிறார். ஏன் அந்த வீட்டில் இருந்தார் என்று சொல்லவில்லை.

ஷிப்டன்

ஷிப்டன் பதிவேட்டில் லார்டனைச் சேர்ந்த சாமுவேல் மோர், கேத்தரின் தம்பதியின் நான்கு பிள்ளைகளின் ஞானஸ்நானம் இருக்கிறது: எலினோர் (பிராட்ஃபோர்ட் எலன் என்று எழுதியவள்) 1612 மே 24, ஜாஸ்பர் 1613 ஆகஸ்ட் 8, ரிச்சர்ட் 1614 நவம்பர் 13, மேரி 1616 ஏப்ரல் 16. மேரி தவிர மற்ற மூன்று பெயர்களும் பிராட்ஃபோர்டின் பட்டியலோடு ஒத்துப்போகின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து இணைத்துக் காட்டினார்கள். பலர் ஏற்கத் தயங்கினார்கள். நிலபுலன் உள்ள கனவான் குடும்பம்; தாய் தகப்பன் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்; எட்டு, ஏழு, ஐந்து, நான்கு வயதுப் பிள்ளைகளைத் தனியாக, தெரியாதவர்களோடு, கடல் கடந்த காட்டுக்கு யார் அனுப்புவார்கள்? பெயர்ப் பொருத்தம் வலுவாக இருந்தும் காரணம் இல்லாததால் இணைப்பு தொங்கிக்கொண்டே இருந்தது.

1959-ல் லின்லியில் உள்ள மோர் குடும்ப இல்லத்தில் அந்தக் குடும்பத்தின் வாரிசான சர் ஜாஸ்பர் மோர் பழைய காகிதங்களில் ஒன்றைக் கண்டெடுத்தார். 1622-ல் சாமுவேல் மோர் தன் தரப்பை விளக்கி எழுதிய அறிக்கை. தன் குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டு கேத்தரின் தலைமை நீதிபதி சர் ஜேம்ஸ் லேயிடம் மனு கொடுத்திருந்தார். அதற்கு அவர் கணவனின் பதில்தான் இது. மரபுச் சின்ன ஆய்வாளர் ஆந்தனி வாக்னர் 1960-ல் இதை நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்.

அறிக்கை சொல்வது சுருக்கமாக இது. சாமுவேலும் கேத்தரினும் உறவினர். சொத்து வெளியே போகாமல் இருக்க 1611-ல் மணமுடித்து வைத்தார்கள். சாமுவேல் அப்போது பதின்ம வயதுப் பையன், கேத்தரின் மூத்தவர். நான்கு பிள்ளைகள் பிறந்த பிறகு, அவர்களில் பெரும்பாலோர் முகத்திலும் உடலமைப்பிலும் ஜேக்கப் பிளேக்வே என்பவரை உரித்துவைத்திருப்பதாக சாமுவேல் சொல்கிறார். கேத்தரின் அதை மறுக்கவில்லை. தனக்கும் பிளேக்வேக்கும் முன்பே மண ஒப்பந்தம் இருந்தது, சாட்சிகளைக் கொண்டு நிரூபிக்க முடியாவிட்டாலும் கடவுள் முன் அது திருமணமே என்று அவர் கூறியதாக அந்த அறிக்கையே பதிவுசெய்கிறது. குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து, சாமுவேலின் தகப்பனாருடைய குத்தகைக்காரர் வீட்டில் வைத்தார்கள். கேத்தரின் அங்கே போய்ப் போய்ப் போராடினார். பிள்ளைகள் மேலிருந்த துணியைப் பற்றி இழுத்துக் கிழித்தார் என்று அவருக்கு எதிராக எழுதியிருக்கிறது. அந்த வரியை அவரைக் குற்றவாளியாக்க எழுதினார்கள். எனக்கோ பிள்ளைகளைக் கையைவிட்டுப் பறிகொடுத்த ஒரு தாய்தான் அதில் தெரிகிறாள்.

பிறகு 1620 ஜூலை. லார்டு ஸூச் என்ற பிரபுவிடம் செயலராக இருந்த சாமுவேல் நால்வரையும் லண்டனுக்கு அனுப்பி தாமஸ் வெஸ்டனிடம் சேர்க்கிறார். வெஸ்டனிடமிருந்து ஜான் கார்வர், ராபர்ட் குஷ்மன் பொறுப்பில் போகிறார்கள். 100 பவுண்ட் பணம், ஏழு ஆண்டு பராமரிப்பு, முடிவில் ஆளுக்கு 50 ஏக்கர் நிலம் என்று ஒப்பந்தம்.

வெஸ்டன் பெயர் வரும் இடத்தில் ஆய்வு முடிச்சிட்டுக்கொள்கிறது. 1684-ல் சேலத்தில் எழுதிய வாக்குமூலமும் 1622-ல் இங்கிலாந்தில் எழுதிய அறிக்கையும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. இடையில் அறுபத்திரண்டு ஆண்டுகள், ஒரு பெருங்கடல். எழுதியவர்கள் இருவருக்கும் வேறு வேறு நோக்கம். இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே மனிதரிடம் சந்திக்கின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு சாட்சிகள் இப்படி ஒத்துப்போனால் அதற்குமேல் வம்சாவளி ஆய்வில் கேட்க ஒன்றுமில்லை. சேலத்தின் கேப்டன், பிளிமத்தின் சிறுவன், ஷிப்டனின் குழந்தை மூவரும் ஒருவரே.

மேரி

பிராட்ஃபோர்டின் பட்டியலில் மேரி இல்லை. ப்ரூஸ்டர் வீட்டில் ரிச்சர்டோடு "இன்னொரு சகோதரன்" இருந்ததாகத்தான் எழுதியிருக்கிறார். ஷிப்டன் பதிவேடும் சாமுவேலின் அறிக்கையும் சேர்ந்த பிறகுதான் அது சகோதரன் இல்லை, நான்கு வயது மேரி என்று தெளிவானது. பிராட்ஃபோர்ட் நேரில் கண்டவர், நேர்மையானவர். ஆனால் பட்டியலை எழுதியது முப்பது ஆண்டுகள் கழித்து. முதல் குளிர்காலத்தில் இறந்த ஒரு குழந்தை ஆணா பெண்ணா என்பது அதற்குள் அவர் நினைவிலிருந்து நழுவிவிட்டது. நேரில் கண்டவர் சாட்சியத்துக்கும் எழுதிய காலத்தைக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலிக்கிற உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜாஸ்பர் இறந்த நாள் மட்டும் பிழைத்திருக்கிறது. கப்பல் கேப் காட் துறைமுகத்தில் நின்றிருந்த 1620 டிசம்பர் 6 அன்று, "கார்வரின் வீட்டுப் பையன்" என்ற குறிப்போடு. எலனுக்கும் மேரிக்கும் தேதி கிடையாது. அந்தக் குளிர்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த கோல்ஸ் மலையில் பின்னாளில் மழை அரித்து வெளிப்பட்ட எலும்புகளைச் சேர்த்து ஒரு கல் பேழையில் வைத்திருக்கிறார்கள். 1622-ல் கேத்தரின் மனு கொடுத்தபோது அவருடைய மூன்று பிள்ளைகள் ஏற்கெனவே இறந்துபோயிருந்தார்கள்.

வம்சப் பட்டியலில் எதை எழுதுவது

மேஃப்ளவர் வாரிசுகள் சங்கம் ஒவ்வொரு பயணியின் சந்ததியையும் ஐந்து தலைமுறை வரை ஆவணங்களோடு தொகுத்து நூல்களாக வெளியிடுகிறது. அந்த வரிசையின் 15-ஆம் தொகுதியில் ரிச்சர்ட் மோரின் குடும்பம் இருக்கிறது. இன்று தன்னை அவர் வாரிசு என்று நிறுவ விரும்புகிறவர் அந்த ஐந்து தலைமுறைக்குக் கீழே தன் வரையிலான ஒவ்வொரு கண்ணிக்கும் பிறப்பு, திருமண, இறப்பு ஆவணம் காட்ட வேண்டும். அதில் கல்லறைப் படம் துணைச் சான்றாக மட்டுமே போகும்.

கீழ்நோக்கிப் போவதில் சிக்கல் குறைவு. மேல்நோக்கிப் போகும்போது ரிச்சர்டின் தகப்பன் பெயரை எழுத வேண்டிய கட்டத்தில் பேனா நிற்கிறது. பதிவேடு சாமுவேல் மோர் என்கிறது. திருமண பந்தத்தில் பிறந்த குழந்தைக்குச் சட்டப்படி கணவனே தகப்பன் என்பதால் பங்குத்தந்தை வேறெப்படியும் எழுதியிருக்க முடியாது. பிளேக்வே என்பது சாமுவேலின் குற்றச்சாட்டு; பிள்ளைகளை அனுப்பியதற்கு நியாயம் கேட்கப்பட்ட நிலையில், தன்னைக் காத்துக்கொள்ள எழுதிய காகிதத்தில் உள்ளது. முகச் சாயலை ஆதாரமாகக் காட்டியிருக்கிறார். கேத்தரினின் சொல் அதற்கு வலு சேர்க்கிறது, ஆனால் அந்தச் சொல்லும் சாமுவேலின் காகிதம் வழியாகத்தான் வருகிறது. அதுவும் பிளேக்வேயோடு இருந்த உறவைத்தான் ஒப்புக்கொள்கிறது. நான்கு பிள்ளைகளில் யார் யார் அவருடையவர் என்று தனித்தனியாகச் சொல்லவில்லை. சாமுவேலே "பெரும்பாலோர்" என்றுதான் எழுதினார், எல்லோரும் என்று எழுதவில்லை.

ஆகவே ஏட்டில் இப்படி எழுதுவதே முறை. தந்தை: சாமுவேல் மோர், ஷிப்டன் ஞானஸ்நானப் பதிவேட்டின்படி, 1622 அறிக்கையில் அவர் தந்தைமையை மறுத்து ஜேக்கப் பிளேக்வேயைக் குறிப்பிடுகிறார். இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். தாய்: கேத்தரின் மோர், லார்டன். இந்தக் கட்டத்தில் இரண்டு ஆவணங்களுக்கும் இடையே தகராறு இல்லை. லார்டன் மோர்களின் பழைய வம்சத்தொடரை ரிச்சர்டின் வாரிசுகள் கேத்தரின் வழியாக எந்தச் சந்தேகமும் இல்லாமல் தொடரலாம்.